கரையாத தீனி, கலங்காத தண்ணீர்: மீனுக்கும் நத்தைக்கும் வீட்டிலேயே உணவு

இந்த அத்தியாயத்தின்படி செய்தால் உங்களிடம் மூன்று வகைத் தீனி இருக்கும். நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள கீரை ஜெல்லி, மீனுக்கு இறால் ஜெல்லி, அவசரத்துக்கும் ஊருக்குப் போகும் நாட்களுக்கும் டப்பாவில் போட்டு வைக்கும் உலர் தீனி. இட்லிப் பானை, மிக்ஸி, இடியாப்ப அச்சு இருந்தால் போதும். கடையில் தனியாக வாங்க வேண்டியதில் முக்கியமானது கடல்பாசி.

சமையல் கடினமில்லை. மீன் ருசி பார்த்து முகம் சுளிக்கப் போவதும் இல்லை. தண்ணீர்தான் சிக்கல். மீனுக்குச் சாப்பாட்டுத் தட்டும் குடியிருக்கும் வீடும் ஒன்றே. தின்னாமல் விட்டது அடியில் அழுகி அம்மோனியாவாக மாறும். அந்தத் தண்ணீரில்தான் அது சுவாசித்தாக வேண்டும். அதனால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் இரண்டே விதிகள்: தீனி தண்ணீரில் கரையக் கூடாது, தொட்டியில் மிஞ்சக் கூடாது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

யாருக்கு எது?

பொருள் வாங்கப் போகும் முன் உங்கள் தொட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

• ஆப்பிள் நத்தை, ராம்ஸ்ஹார்ன் நத்தை: காய், கீரை, அழுகும் இலை, மீன் விட்ட மிச்சம் எல்லாம் தின்னும். ஓடு வளரக் கால்சியம் வேண்டும். கொஞ்சம் புரதமும் வேண்டும்.
• நெரைட் நத்தை: கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசியைச் சுரண்டித் தின்பது. ஜெல்லியைத் தொடாமலும் போகலாம். பாசி படிந்த கல் ஒன்றைத் தொட்டியில் விட்டு வையுங்கள்.
• கோல்டு ஃபிஷ், மோலி, பிளாட்டி, கப்பி: தாவரமும் இறைச்சியும் கலந்து தின்பவை. காய்ப் பங்கு கூடுதலாக இருந்தால் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் மோலிக்கும் நல்லது.
• சக்கர் மீன்: இரவில் அடியில் மேயும். நத்தை ஜெல்லியே இதற்கும் பொருந்தும்.
• பைட்டர், ஏஞ்சல், ஃபிளவர்ஹார்ன்: புரதம் வேண்டியவை. காய் பெயருக்குத்தான்.

வீட்டுத் தீனி மட்டுமே போதுமா என்றால், போதாது. வைட்டமின்களைச் சரியான அளவில் சேர்ப்பது வீட்டில் கடினம். வாரத்தில் மூன்று நான்கு நாள் வீட்டுத் தீனி, மீதி நாள் கடையில் வாங்கும் நல்ல குருணைத் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

பொருட்களைத் தேர்ந்தெடுத்தல்

கீரை: முருங்கைக்கீரை முதல் தேர்வு. கால்சியம் நிறைய உள்ளது, கொல்லையிலேயே கிடைக்கும், மருந்து அடித்திருக்கும் என்ற பயம் குறைவு. பாலக்கீரையில் ஆக்ஸலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேர விடாது. எப்போதாவது போடலாம், நத்தைக்குத் தினத்தீனியாக வேண்டாம்.

காய்: பட்டாணி, மஞ்சள் பூசணி, கேரட், சுரைக்காய், வெள்ளரி. பட்டாணியின் தோலை உரித்துவிட வேண்டும். காலிஃபிளவர், முட்டைகோஸ் போன்று பூச்சிமருந்து அதிகம் பார்த்த காய்களைத் தவிர்த்துவிடுங்கள். பூச்சியைக் கொல்லும் மருந்து தொட்டி இறாலை முதலில் பாதிக்கும், நத்தையையும் பாதிக்கலாம்.

மீன், இறால்: கொழுப்புக் குறைந்த கிழங்கான், சங்கரா போன்றவற்றின் சதையே சிறந்தது. மத்தி, கானாங்கெளுத்தி வேண்டாம். அவற்றின் எண்ணெய் தண்ணீர் மேல் படலமாக மிதக்கும், சேமிப்பில் சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். ஆடு, மாட்டு இறைச்சிக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. வேறு வழியில்லாதபோது தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கால்சியம்: முட்டை ஓடு அல்லது கணவாய் ஓடு. கணவாய் ஓட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பறவைக் கூண்டில் மாட்டவும் இதைத்தான் விற்கிறார்கள்.

எச்சரிக்கை: வெற்றிலைச் சுண்ணாம்பை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதுவும் கால்சியம்தானே என்று தோன்றும். முட்டை ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அது கடுமையான காரம். தண்ணீரின் பிஎச் அளவைச் சட்டென்று ஏற்றி மீனின் செவுளைப் பொசுக்கிவிடும்.

கட்டும் பொருள்: நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்ய வாங்கும் அதே கடல்பாசி, சைனா கிராஸ் என்றும் விற்பார்கள். சர்க்கரை, நிறம், எசன்ஸ் எதுவும் கலக்காத வெறும் கடல்பாசியாக இருக்க வேண்டும். ஜெலட்டினிலும் செய்யலாம் என்று பல வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும். நம் ஊர்க் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகிக் கூழாகிவிடும். கடல்பாசி ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால்தான் திரும்ப உருகும். நமக்கு அதுதான் சரி.

சேர்க்கவே கூடாதவை: உப்பு, எண்ணெய், மிளகாய், மஞ்சள்தூள், வெங்காயம், எலுமிச்சை, பால், சர்க்கரை. மீந்த குழம்பு மீன், பொரித்த இறால் எதுவும் வேண்டாம்.

பாத்திரம்: எவர்சில்வர் அல்லது கண்ணாடி. தாமிரம், பித்தளை ஆகாது. தாமிரம் நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. சட்னி அரைத்த மிக்ஸி ஜாரில் மிளகாயும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். பழைய ஜார் ஒன்றை மீனுக்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டு, சோப்பு வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்துப் பயன்படுத்துங்கள்.

முன்வேலை: ஓட்டுத் தூள்

ஒருமுறை செய்து வைத்தால் பல மாதம் வரும்.

1. முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போடுங்கள். கிருமி போவதோடு உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வும் தளரும்.
2. சவ்வை உரித்தெடுங்கள். விட்டுவிட்டால் அரைக்கும்போது நார் நாராக நிற்கும்.
3. வெயிலில் மொறுமொறுப்பாகக் காய வையுங்கள்.
4. ஈரமில்லாத ஜாரில் பொடித்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் கூரிய துண்டுகளைத் திரும்ப அரையுங்கள்.
5. மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு முட்டை ஓட்டிலிருந்து சுமார் ஒரு தேக்கரண்டித் தூள் கிடைக்கும். ஜாரைத் திறந்தவுடன் தூள் பறக்கும். மூக்கில் ஏறாமல் இருக்க ஒரு நிமிடம் பொறுத்துத் திறங்கள்.

செய்முறை 1: நத்தைக்குக் கீரை ஜெல்லி

அளவு (சுமார் 100 துண்டுகளுக்கு):
• உருவிய முருங்கைக்கீரை: ஒரு கைப்பிடி
• தோல் உரித்த பட்டாணி: 30 கிராம்
• மஞ்சள் பூசணி: 30 கிராம்
• உரித்துச் சுத்தம் செய்த நடுத்தர இறால்: 2
• ஓட்டுத் தூள்: 2 தேக்கரண்டி
• கடல்பாசி: 3 கிராம் (10 கிராம் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு)
• தண்ணீர்: 100 மி.லி.

செய்யும் வரிசை:

1. கடல்பாசியைத் துண்டு துண்டாக நறுக்கி, அளந்த 100 மி.லி. தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள்.
2. கீரையையும் காயையும் ஓடும் நீரில் மூன்று முறை அலசுங்கள். கடைக் கீரையானால் 15 நிமிடம் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு அலசுங்கள்.
3. இட்லித் தட்டில் பட்டாணி, பூசணியை 10 நிமிடம் ஆவியில் வேக விடுங்கள். கடைசி 4 நிமிடத்தில் இறாலையும் கீரையையும் அதில் சேருங்கள்.
4. இவை வேகும்போதே பக்கத்து அடுப்பில் கடல்பாசியைக் கொதிக்க விடுங்கள். கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் நூலோ கட்டியோ தெரியக் கூடாது. தண்ணீர் வற்றியிருந்தால் வெந்நீர் ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள்.
5. வெந்ததைச் சூடு முழுவதும் ஆறும் முன் மைய அரையுங்கள். மிக்ஸி மூடியை முழுதாக அழுத்தி மூட வேண்டாம், ஆவி முட்டித் தெறிக்கும். சின்ன இடைவெளி விட்டுத் துணியால் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள்.
6. வெதுவெதுப்பான விழுதில் கொதிக்கும் கடல்பாசியை ஊற்றி வேகமாகக் கலக்குங்கள். விழுது ஆறிப் போயிருந்தால் கடல்பாசி தொட்ட இடத்திலேயே உறைந்து கட்டி கட்டியாகிவிடும். முதல் முறை செய்கிறவர்கள் அதிகம் தடுமாறும் படி இதுதான்.
7. ஓட்டுத் தூளைக் கடைசியில் தூவி, கலவை கெட்டிப்படத் தொடங்கும் வரை கிளறிக்கொண்டே இருங்கள். உடனே ஊற்றிவிட்டால் தூள் முழுவதும் தட்டின் அடியில் தங்கிவிடும்.
8. தட்டையான எவர்சில்வர் தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அறைச் சூட்டிலேயே அரை மணி நேரத்தில் உறைந்துவிடும்.
9. இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள்.

குறிப்பு: முதல் முறை இந்த அளவுக்கு மேல் செய்யாதீர்கள். நாலைந்து நத்தை இருக்கும் வீட்டில் இதுவே மாதக்கணக்கில் வரும்.

கிளாஸ் சோதனை

எந்தத் தீனியையும் தொட்டியில் போடும் முன் இதைச் செய்யுங்கள். கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஒரு துண்டைப் போட்டு இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் வையுங்கள். பிறகு டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள்.

• தண்ணீர் தெளிவாக, துண்டின் மூலைகள் வெட்டியபடியே கூராக இருந்தால் தேறிவிட்டது.
• துண்டைச் சுற்றிப் பச்சை மூட்டம் பரவி, மூலைகள் மழுங்கியிருந்தால் கடல்பாசி போதவில்லை. கலவையைத் திரும்பக் கொதிக்க வைத்து உருக்கி, 1 கிராம் கடல்பாசியை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் தனியே கரைத்துச் சேருங்கள்.
• மேலே எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்தால் மீனில் கொழுப்பு அதிகம். அதைத் தூர எறிந்துவிட்டு வேறு மீனில் செய்யுங்கள்.

செய்முறை 2: மீனுக்கு இறால் ஜெல்லி

அளவு:
• சுத்தம் செய்த இறால்: 75 கிராம்
• முள் நீக்கிய மீன் சதை: 50 கிராம்
• தோல் உரித்த பட்டாணி: 25 கிராம்
• கேரட்: 25 கிராம்
• ஸ்பைருலினா தூள்: அரைத் தேக்கரண்டி (இல்லாவிட்டால் பரவாயில்லை)
• கடல்பாசி: 4 கிராம்
• தண்ணீர்: 100 மி.லி.

கோல்டு ஃபிஷ்ஷுக்கும் மோலிக்கும் இந்தப் பங்கைத் தலைகீழாக்குங்கள்: காய் இரண்டு பங்கு, இறாலும் மீனும் சேர்ந்து ஒரு பங்கு. பைட்டருக்கும் ஏஞ்சலுக்கும் காயை ஒரு தேக்கரண்டிக்குக் குறைத்து, அந்த எடைக்கு இறாலைக் கூட்டுங்கள்.

செய்யும் வரிசை:

1. இறாலின் முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுத்துவிடுங்கள். மீன் சதையை விரலால் அழுத்தித் தடவி, மிஞ்சிய முள்ளைப் பொறுக்குங்கள்.
2. கேரட், பட்டாணியை 10 நிமிடமும், மீனையும் இறாலையும் 5 நிமிடமும் ஆவியில் வேக வையுங்கள். பச்சையாகப் போட வேண்டாம். சில மீன்களிலும் இறால் வகைகளிலும் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு. சூட்டில் அது செயலிழக்கும். பச்சை இறாலோடு வரும் நோய்க் கிருமியும் தொட்டிக்குள் போகாது.
3. வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரையுங்கள்.
4. கடல்பாசிக் கரைசலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கலக்குங்கள்.
5. பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கையால் தொட முடிகிற சூட்டுக்கு வந்ததும் ஸ்பைருலினாவைச் சேருங்கள். மீன் வைட்டமின் சொட்டு வைத்திருந்தால் அதையும் இப்போதே விடுங்கள். அதிகச் சூட்டில் வைட்டமின் சி அழியும். ரொம்ப ஆற விட்டால் ஜெல்லி உறையும். இடையில் கிடைக்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம்தான், எல்லாவற்றையும் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.
6. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, மேசை மேல் படுக்க வைத்து மூன்று மில்லிமீட்டர் தகடாகப் பரப்புங்கள்.
7. பாதி உறைந்ததும் கவருக்கு வெளியிலிருந்தே ஸ்கேலால் அழுத்திக் கட்டம் போடுங்கள். ஃப்ரீசரில் உறைந்த பின் வேண்டிய கட்டத்தை மட்டும் உடைத்து எடுக்கலாம்.

குறிப்பு: கப்பி, டெட்ரா போன்ற சிறுவாய் மீன்களுக்குக் கட்டம் பெரிது. உறைந்த துண்டைக் கேரட் துருவியின் சிறு கண்ணில் துருவிப் போடுங்கள். கத்தியால் பொடியாக நறுக்குவதைவிடத் தூள் குறைவாக விழும்.

செய்முறை 3: இடியாப்ப அச்சில் உலர் தீனி

அளவு:
• உப்புப் போடாத சென்னாக்கூனிப் பொடி: 80 கிராம்
• கோதுமை மாவு: 60 கிராம்
• வறுத்து அரைத்த சோயா மாவு: 40 கிராம்
• முருங்கை இலைப் பொடி: 1 மேசைக்கரண்டி
• முட்டை: 1
• தண்ணீர்: பிசையத் தேவையான அளவு

செய்யும் வரிசை:

1. சென்னாக்கூனியில் மணல் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அரித்து, காய வைத்து, எண்ணெய் விடாமல் லேசாக வறுத்துப் பொடியுங்கள். வாங்கும்போதே ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் வாங்காதீர்கள். கருவாட்டுப் பொடி இதற்கு மாற்று ஆகாது.
2. எல்லாவற்றையும் கலந்து, முட்டையை உடைத்து ஊற்றி, தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசையுங்கள்.
3. நான்கு உருண்டையாக்கி இட்லிப் பானையில் 20 நிமிடம் வேக வையுங்கள். மாவுச்சத்து வெந்தால்தான் தீனி தண்ணீரில் பிரியாது. சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் இந்தச் சூட்டில் போய்விடும்.
4. கை பொறுக்கும் சூட்டிலேயே இடியாப்ப அச்சில் போட்டுச் சுத்தமான துணி மேல் பிழியுங்கள். ஆறிவிட்டால் மாவு இறுகி அச்சு நகராது. கொஞ்சம் வெந்நீர் தெளித்துத் திரும்பப் பிசைந்தால் இளகும்.
5. மின்விசிறிக்குக் கீழே நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். கொளுத்தும் வெயில் வைட்டமினையும் கெடுக்கும், கொழுப்பையும் சிக்கு வாடை அடிக்க வைக்கும். அந்த அறையில் கொசுவர்த்தியோ பூச்சி ஸ்பிரேயோ வேண்டாம்.
6. ஒரு இழையை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது. டக்கென்று முறிந்தால் காய்ந்துவிட்டது.
7. உள்ளங்கையால் நொறுக்கி, டீ வடிகட்டியில் சலித்துத் தூளை நீக்குங்கள். தூள் தொட்டிக்குப் போனால் மீன் தின்னாது, தண்ணீர்தான் கலங்கும். அதைச் செடிக்குப் போடுங்கள்.

அடுப்பு மூட்ட நேரமில்லாத நாளில்

• வெள்ளரி அல்லது சுரைக்காயை ஒரு வில்லை வெட்டி, இரண்டு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுங்கள். மிதக்காமல் இருக்க எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றைக் குத்தி இறக்குங்கள்.
• வேக வைத்த பட்டாணியைத் தோல் உரித்து நசுக்கிப் போடலாம். கோல்டு ஃபிஷ் மலச்சிக்கலில் வயிறு ஊதியிருக்கும்போது இது உதவும்.
• கழுவிய கணவாய் ஓட்டில் சிறு துண்டை நத்தைத் தொட்டியில் அப்படியே போடலாம். ஓரிரு நாள் மிதந்துவிட்டுத் தண்ணீர் ஏறியதும் மூழ்கும்.

கொடுக்கும் முறை

1. ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டைச் சிறு கிண்ணத்தில் 10 நிமிடம் வைத்துக் குளிர் தணிய விடுங்கள். கரைந்த நீரைக் கொட்டிவிட்டுத் துண்டை மட்டும் போடுங்கள்.
2. முதலில் மீனுக்குக் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைக்கு. மீன் எப்போதும் பசித்தது போலவே கண்ணாடிக்கு வரும். அதை நம்பி மேலும் போடாதீர்கள்.
3. நத்தைக்கு விளக்கை அணைத்த பிறகு, இரவில். தொட்டியின் ஒரு மூலையில் சிறு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, எப்போதும் அதிலேயே போடுங்கள். இடம் பழகிவிட்டால் நத்தை தானே தேடி வரும், மிச்சம் எடுப்பதும் சுலபம்.
4. வளர்ந்த ஆப்பிள் நத்தை இரண்டு மூன்றுக்கு ஒரு சதுரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.
5. மீன் ஜெல்லியில் மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எடுங்கள். நத்தை ஜெல்லியும் காயும் காலையில் முதல் வேலையாக வெளியே வர வேண்டும்.

காலையில் எடுத்த துண்டை எறியும் முன் கொஞ்சம் பாருங்கள். நத்தை தின்றிருந்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கி நுண்ணிய வரி வரியாகச் சுரண்டிய தடம் இருக்கும். அது நத்தையின் நாக்கிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு பற்கள் விட்ட தடம். வழுவழுவென்று வெண்படலம் மட்டும் இருந்தால் யாரும் தொடவில்லை, அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை பாதித் துண்டு போதும்.

தீனி சரியாக இருக்கிறதா என்பதை ஓட்டின் வாய்விளிம்பும் காட்டும். புதிதாக வளரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. அது உறுதியாகவும் நிறம் தெளிவாகவும் இருந்தால் நல்லது. மெல்லியதாகச் சில்லுச் சில்லாக உடைந்தால் கால்சியம் போதவில்லை. ஓட்டின் பழைய பகுதி வெளுத்துக் குழிவிழுந்தால் தீனியைக் குறை சொல்ல வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். பிஎச் 7-க்குக் கீழே போனால் ஓடு அரிக்கும். தாதுக்கள் நீக்கிய ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பைட்டர் மீனுக்காக நாட்டு வாதுமை இலை போட்டிருக்கும் தொட்டியிலும் தண்ணீர் அமிலப் பக்கம் சாயும். அங்கே நத்தையை வைக்காமல் இருப்பது நல்லது. பைட்டர் நத்தையின் உணர்கொம்பையும் கடிக்கும்.

சேமிப்பு

• ஜெல்லி: ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம். கவரின் மேல் தேதி எழுதுங்கள்.
• ஃப்ரீசரிலிருந்து வந்த கடல்பாசி ஜெல்லி நீர் விட்டுப் பஞ்சாக மாறும். அது அதன் இயல்பு, கெட்டுப்போகவில்லை.
• ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். நெடுநேர மின்வெட்டில் முழுவதும் இளகிவிட்டால் எறிந்துவிடுங்கள்.
• உலர் தீனி: காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம். ஈரக் கையை விடாதீர்கள். பூஞ்சை ஒரு ஓரத்தில் தெரிந்தாலும் முழு டப்பாவையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சையின் நச்சு சூட்டுக்கும் வெயிலுக்கும் போகாது.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

• எல்லா நல்ல பொருளையும் ஒரே கலவையில் போடுவது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவைக்கு ஒரு புதிய பொருள் மட்டும்.
• புதுத் தீனியை மீன் துப்பியதும் பயந்து விடுவது. இரண்டு மூன்று நாள் சிறு அளவில் காட்டுங்கள், பழகும்.
• நத்தைக்குப் போட்டதை மீன் தின்றுவிட்டதே என்று இரட்டிப்பாகப் போடுவது. மீனுக்கு முதலில் கொடுத்து, பிறகு விளக்கணைத்துப் போட்டால் பிரச்சினை தீரும்.
• குட்டி நத்தை பெருகுவதைப் பார்த்து மேலும் தீனி போடுவது. பெருக்கமே தீனி மிஞ்சுகிறது என்பதற்கு அடையாளம். அளவைக் குறையுங்கள்.
• பெருகிய நத்தையை ஏரியிலோ வாய்க்காலிலோ விடுவது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை இப்படிப் பரவி, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் நெல் நாற்றுகளை அழித்தது. ஆப்பிள் நத்தை தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொத்தாக முட்டை இடும். வேண்டாத கொத்தைச் சுரண்டி, கவரில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துக் குப்பையில் போடுங்கள்.
• மீன் நோய்க்கு வாங்கிய மருந்தை நத்தை இருக்கும் தொட்டியில் ஊற்றுவது. பல மருந்துகளில் தாமிரம் உண்டு. பாட்டிலைப் படித்துவிட்டு, நத்தையை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகே ஊற்றுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

• தொட்டிக்குள் கை விடும் முன் ஃபில்டர், மோட்டார், ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்குங்கள்.
• நத்தையைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நன்னீர் நத்தைகள் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிகளைச் சுமக்கலாம். குழந்தைகள் தீனி போட்டால் கூட நின்று, கை கழுவ வைத்து அனுப்புங்கள்.
• கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.
• தீனி கவரை ஃப்ரீசரில் வீட்டுச் சாப்பாட்டோடு கலக்காமல் தனி டப்பாவில் வைத்து, பெரிதாக 'மீன் தீனி' என்று எழுதுங்கள். பச்சை ஜெல்லியைப் பார்த்துக் குழந்தை இனிப்பென்று எடுத்துவிடும்.
• இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் சென்னாக்கூனி பொடிப்பதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பறக்கும் தூளே போதும், மூச்சு இழுக்க.

தண்ணீர் கலங்கிவிட்டால்

தொட்டி பால் போல மங்கி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடி, நத்தை தண்ணீரை விட்டுக் கண்ணாடியின் விளிம்புக்கு ஏறினால் தீனி அதிகமாகி அழுகியிருக்கிறது. இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. தீனியை நிறுத்துங்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீன் இரண்டு நாள் பட்டினி தாங்கும்.
2. காற்று மோட்டாரை முழு வேகத்தில் ஓட விடுங்கள்.
3. குழாயால் அடியிலுள்ள மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். செத்த நத்தை கிடக்கிறதா என்று பாருங்கள். எடுத்தவுடன் நாற்றமே சொல்லிவிடும்.
4. கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கும் சொட்டு விட்ட பிறகே ஊற்ற வேண்டும். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம்.
5. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது, குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெதுவாகப் பிழிந்தால் போதும்.
6. மறுநாளும் மங்கல் இருந்தால் இன்னொரு கால் பங்கு மாற்றுங்கள்.
7. தெளிந்த பிறகு பழைய அளவில் பாதியிலிருந்து தீனியைத் தொடங்குங்கள். ஒரு வாரம் தண்ணீர் தெளிவாக நின்றால் மெல்லக் கூட்டலாம்; காலையில் கிண்ணத்தில் மிச்சம் கிடந்தால் கூட்டவே தேவையில்லை.